கிணற்றடியில் தீக்குச்சி

ஈப்போவை விட்டுக் கிளம்பும்போது எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஸ்ரீரங்கத்தில் என் தங்கை செல்லம்மா வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். ஊருக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மலாயாவில் எல்லாம் கிடைக்கிறது, அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. போகிற காரியம் என்னவோ வேறு. செல்லம்மாவின் மகள் காமாட்சிக்குத் தலைப்பிரசவம். ஈயச் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாகப் பிரசவம் பார்க்கிற பெரியம்மா உயிரோடு இருக்கும்போது வேறு யாரோ பார்ப்பதா என்று தங்கை எழுதியிருந்தாள். லீவு போட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

கப்பலில் பிடித்த ஜலதோஷம் கரையில் இறங்கியும் விடவில்லை. திருச்சி ஜங்ஷனில் ஆசை ஆசையாக ஒரு காபி வாங்கிக் குடித்தேன். சூடாக இருந்தது, அவ்வளவுதான். மணமும் இல்லை, ருசியும் இல்லை. இந்த மூக்கு சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஸ்ரீரங்கத்துக்குப் போகிற ஜட்காவில் எனக்கு முன்பே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருமண், மடியில் பளபளவென்று ஒரு காலிச் செம்பு. காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையைத் தொடவே இல்லை. இறங்கிப் போய் அதன் காதில் ஏதோ பேசினார்.

"என்னங்க சொல்றீங்க அதுகிட்ட?" என்றேன்.

"வீட்டுக்குப் போனதும் கொள்ளு வைக்கிறேன்னு சொல்றேங்க. நம்ப மாட்டேங்குது."

பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் மூங்கில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி, அதற்கும் பின்னால் நாலைந்து சைக்கிள். எல்லோரும் எங்களைத்தான் திட்டினார்கள். ஈப்போவில் மோட்டார் நின்றுபோனால் இறங்கித் தள்ளுவோம். குதிரையை எந்தப் பக்கம் தள்ளுவது?

பெரியவர் மட்டும் அசையவில்லை. நிதானமாக என்னை விசாரித்தார். மேற்கே வாழைத் தோட்டத்துப் பக்கம் தங்கை வீடு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அங்கேயா? வெடி வெச்ச இடமாச்சே! பூமிக்குள்ளே எண்ணெய் இருக்காம், வாயு இருக்காம். அதைத் தேடறோம்னு வந்து பூமிப்பிராட்டி வயித்துலேயே வெடி வெச்சுட்டுப் போயிருக்கா. அன்னிலேர்ந்து அந்தப் பக்கத்துக் கிணத்து ஜலம் கெட்டுடுத்துன்னு பேசிக்கறா. அடியேன் இப்போ பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத்துலேர்ந்துதான் தீர்த்தம் கொண்டு வரேன்."

எனக்குத் திக்கென்றது. குதிரையும் அந்த நேரம் பார்த்து ஓட ஆரம்பித்தது.

வீட்டு வாசலில் செல்லம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, "முதல்ல ஒரு செம்பு தண்ணி கொண்டாடி" என்றேன். உள்ளே போனவள் கோலி சோடாவோடு வந்தாள்.

"தண்ணி கேட்டா சோடா தர்றியே, நான் என்ன சம்பந்தியா?"

"நம்ம கிணத்துல தண்ணி இல்லக்கா, விஷம் இருக்கு" என்று மறுபடி அழுதாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் லாரியில் ஆட்கள் வந்தார்களாம். வாழைக்கு நடுவே கொடிக்கயிறு மாதிரி நீளமாக ஒயர் இழுத்து, குழி போடுகிற இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பனைமர ஆழத்துக்குக் குழி போட்டு, உள்ளே வெடியை இறக்கி, மேலே தண்ணீரை ஊற்றி வெடித்தார்களாம். சுவரில் இருந்த பல்லி விழுந்ததாம். குழியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளே கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை கீழே இறங்கியது. ஒரு மாதத்தில் வாடை அடிக்க ஆரம்பித்தது. பூமிக்குள் இருந்த காஸ் கிணற்றில் கலந்துவிட்டது என்று தெருவே சொல்கிறது.

காமாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். நிறைமாதத்தில் இருக்க வேண்டிய முகக்களை இல்லை. இரண்டு தடவை வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டாளாம். அது மணப்பாறையில் இருக்கும் மாமியார் காதுக்குப் போய், கடிதம் வந்துவிட்டது. 'கிணத்துல விஷம் வச்சிருக்கிற வீட்டுல என் பேரப்பிள்ளை பிறக்க வேண்டாம். நாளை மறுநாள் வந்து பெண்ணை அழைத்துப் போகிறேன்.'

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்காவிட்டால் செல்லம்மா ஊரில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஈப்போவிலும் இதே கூத்துதான். பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே உடைத்து ஈயம் எடுப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய டீ நிறத்தில் ஓடும். அதில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் சிரங்கோடு வருகிறவர்களுக்கு மருந்து போடுவது நான். 'எங்களால் இல்லை' என்று சொல்வது துரைமார். கப்பல் ஏறி வந்தாலும் இதுதானா என்று நினைத்தேன்.

தங்கை வீட்டுக்காரர் முத்தையா பரம சாது. "வாங்க அக்கா, பாருங்க அக்கா" என்று கிணற்றடிக்கு அழைத்துப் போனார். ஒரு வாளி இறைத்தார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்து, வாளித் தண்ணீருக்கு மேலே பிடித்தார். குச்சி எரிந்து அணைந்தது.

"இன்னிக்கும் பிடிக்கல" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிடித்தால் அடுப்புக்கே குழாய் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"காய்ச்சிக் குடிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஐயோ! அடுப்புல வச்சா வெடிச்சிடாதா?"

ஆகவே குடிக்கக் காவிரியிலிருந்து சைக்கிளில் தினம் இரண்டு குடம். பாத்திரம் கழுவ, அரிசி களைய, வாய் கொப்பளிக்க எல்லாவற்றுக்கும் பச்சையாக இதே கிணற்றுத் தண்ணீர்.

நான் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, சந்தோஷமாக எதையாவது காட்டலாம் என்று நினைத்தார் போலும். மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. ஈ இல்லை, சேறு இல்லை.

"அவங்க மூடிட்டுப் போன குழி ஒரே மாசத்துல தானா உள்வாங்கிடுச்சுக்கா. சரி, இதுவாவது உபயோகப்படட்டும்னு கொட்டகை வாய்க்காலை அதுல திருப்பி விட்டுட்டேன். எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சிடுது. மாட்டு மூத்திரம், கழுவுற தண்ணி, ஒண்ணும் தேங்கறதில்ல!"

"பலே மாப்பிள்ளை! எங்க ஆஸ்பத்திரியில கூட இப்படி ஒரு சாக்கடை கிடையாது" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

படிக்கிற நீங்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த நான் அன்றைக்கு அடித்துக்கொள்ளவில்லை. என் புத்தி முழுக்க வெடியிலும் காஸிலும் இருந்தது. மூக்கும் அடைத்திருந்தது.

மறுநாள் காலை ஆறு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் உள்ளே தள்ளிவிட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கத் தென்னூரில் இருக்கும் சர்க்கார் ஆபீசுக்குப் புறப்பட்டேன். இறுக்கமாக மூடியுள்ள பாட்டில் வேண்டுமே? நான் ஈப்போவிலிருந்து தலைக்கு எண்ணெய் கொண்டு வந்த பாட்டிலைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். அது விஸ்கி பாட்டில். அங்கே எல்லார் வீட்டிலும் எண்ணெய் அதில்தான் இருக்கும். இங்கே மதுவிலக்கு என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர் என் மடியைப் பார்த்தார். விசிலை எடுத்து ஊதிவிட்டார். பாலம் இறங்குகிற இடத்தில் பஸ் நின்றது.

"ஏம்மா, காலங்காத்தால இதென்ன?"

"தண்ணிங்க."

"தண்ணின்னு எங்களுக்கும் தெரியுதும்மா!" பஸ் முழுக்கச் சிரித்தது. பின்னால் ஒரு அம்மாள், "பார்த்தா கௌரவமா இருக்கா, பாவம்" என்று அடுத்தவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டிலாலேயே நாலு பேரைச் சாத்தியிருப்பேன்.

முன் சீட்டில் இருந்த போலீஸ்காரர் எழுந்து வந்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டு பாட்டிலைத் திறந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். முகம் சுளித்தது.

"யோவ் கண்டக்டர், இது சாராயம் இல்லய்யா. மாட்டு மூத்திர வாடை அடிக்குது. நான் மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரியாதா? என்னம்மா இது, வைத்தியத்துக்கா?"

எனக்குக் கொட்டகை வாய்க்காலும் அதைக் குடிக்கிற குழியும் கண் முன்னால் வந்தன. யோசித்துப் பாருங்கள். செல்லம்மா வீட்டில் எல்லோரும் மோந்தார்கள், தெருக்காரர்களும் மோந்தார்கள். வெடிக் கதையைக் கேட்டுவிட்டு மோந்ததால் எல்லோருக்கும் காஸ் வாடைதான் அடித்தது. இந்த மனிதருக்கு யாரும் கதை சொல்லவில்லை. மூக்கு சரியாக வேலை செய்தது.

"நல்லா இருங்க தம்பி" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன். தண்ணீரைச் சாலையோரம் கொட்டினேன். இனிமேல் எதற்குப் பரிசோதனை? ஆனால் குழியை மூடிவிட்டுத்தானே போனார்கள், அது ஏன் வாயைத் திறந்தது? அதைக் கேட்காமல் விடுவதாக இல்லை.

எண்ணெய் தேடும் ஆட்களின் முகாம் தில்லை நகர் தாண்டி இருப்பதாகச் சொன்னார்கள். வயலை மேடாக்கிப் புதிதாக மனை போட்டுக்கொண்டிருந்த இடம். கூடாரங்களும் லாரிகளுமாக இருந்தது. சின்ன இஞ்சினியர் ராவ் என்ற பெஸ்வாடாத் தெலுங்குப் பிள்ளை. வெயிலில் கறுத்து, தட்டில் இருந்த தயிர் சாதத்தில் ஆவக்காய் ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"காஸ் இல்லைங்கம்மா. நாங்க காஸ் இருக்கா, இல்லையான்னு கேட்டுப் பார்த்தோம், அவ்ளோதான். வெடிச் சத்தம் பூமிக்குள்ள போயி திரும்பி வரும், அதை மெஷின் எழுதும்."

"கேட்டுட்டுப் போனீங்களே, கதவைச் சாத்தினீங்களா?"

ராவ் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் பேசினார். சேலை கட்டிய கிழவிக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம். ஆஸ்பத்திரியில் நாள் பூரா இங்கிலீஷில் திட்டு வாங்குகிறவள் நான். அவர்கள் பேசியது இதுதான்.

"அந்த வரிசைக் குழிகளுக்குக் களிமண் போட்டு இடித்தார்களா?"

"லாரி சிக்கிக்கொண்டது சார், களிமண் வரவில்லை. தோட்டத்தில் வாழை கிடந்தது. கூலிகள் ஆளுக்கொரு வாழைமரத் துண்டை வெட்டிக் குழி வாயில் செருகி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள்."

"வாழையா! அது ஒரே மாதத்தில் அழுகிவிடுமே?"

"ஆமா, அழுகிடுச்சு!" என்று நான் தமிழில் கத்தினேன். இருவரும் துள்ளி விழுந்தார்கள்.

ராவ் நல்ல பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு, மறுநாளே களிமண்ணோடு ஆள் அனுப்புகிறேன், நானும் வருகிறேன் என்றார். எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அந்தக் குழியில் கொட்டகை வாய்க்காலை விட்டதையும் சொல்லிவிட்டேன். சமாதானமாகப் பேச ஆரம்பித்தோம். ஈப்போவில் மலையை உடைக்கிற தண்ணீர்ப் பீரங்கியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் கண் மலர்ந்துவிட்டது.

"அமெரிக்காவுல அதைப் பூமிக்கு உள்ளயே செய்யறாங்கம்மா. குழாய் இறக்கி, தண்ணியும் மருந்தும் மணலும் ரொம்ப அழுத்தமா உள்ள தள்ளி, பாறையையே விரிசல் விட வைப்பாங்க. காஸ் வெளிய வந்துடும். இங்கயும் ஒரு நாள் வரும்."

"உள்ள தள்ளின தண்ணி அப்புறம் எங்க போகும்?"

ராவ் டம்ளரைப் பார்த்தார். "அது... ஆழம் ரொம்பங்க. கீழயே இருக்கும்" என்றார்.

"கீழயே இருக்கும்னு யாரு இறங்கிப் பார்த்தாங்க?" என்று கேட்டேன். இதே கேள்வியை நேற்று நான் கொட்டகையில் முத்தையாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் முதுகில் தட்டிக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மீதி மோரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் முத்தையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செல்லம்மாவுக்கு வேறு கவலை.

"அக்கா, நாளைக்கு சம்பந்தியம்மாகிட்ட இதைச் சொல்லிடாதே. வெடிக்காரங்க கெடுத்துட்டாங்கன்னா பரிதாபப்படுவாங்க. மாட்டு மூத்திரத்தை நாங்களே கிணத்துல கலந்து அவங்க மருமகளுக்குக் கொடுத்தோம்னா காறித் துப்புவாங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினார். ஆகிருதியான மனுஷி, முறுக்குச் சுற்றிச் சுற்றி உரம் ஏறிய கை. கையில் ஒரு தகர டின் முறுக்கு. வாசல் படி ஏறும்போதே, "பொண்ணு கிளம்பிட்டாளா?" என்றார். அதே நேரத்துக்கு ராவின் லாரியும் வந்து நின்றது. ஆட்கள் களிமண் கூடையோடு கொட்டகைப் பக்கம் போனார்கள்.

"இவனுங்கதானா என் மருமகளுக்கு விஷம் வச்சது?" என்று சம்பந்தியம்மாள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு கிளம்பினார். அவர் போட்ட போட்டில் கூலிகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ராவ் ஓடவில்லை. தமிழில் திட்டத் திட்ட, பாதி புரிந்தும் புரியாமலும் நின்றுகொண்டே இருந்தார். குழி தங்களுடையது, வாய்க்கால் எங்களுடையது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையா முன்னால் வந்துவிட்டார். ஈ எறும்புக்குக்கூடப் பயப்படுகிற மனுஷன்.

"அவரைத் திட்டாதீங்கம்மா. குழியைச் சரியா மூடாதது அவங்க தப்பு. அதுல மாட்டுக் கொட்டகைத் தண்ணியை விட்டது நான். என் பொண்ணு புழங்குற தண்ணியில நான்தான் கலந்தேன்." சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் அதைப் பார்த்துட்டு சபாஷ் போட்டேங்க. இருபத்தாறு வருஷ நர்சு நான்" என்றேன். சொல்லிவிட்டால் எவ்வளவு இலகுவாக இருக்கிறது!

சம்பந்தியம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தார். செல்லம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"கிணறு எப்போ சரியாகும்?" என்று ராவைக் கேட்டார்.

"குழியை இன்னிக்கே அடைச்சுடுவோம். தண்ணி இறைச்சு இறைச்சு விடணும். கீழ போனது எல்லாம் வெளிய வரணுமே. மாசக்கணக்கு ஆகலாம். தண்ணி ஏன் கீழ இறங்கிச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்போ பொண்ணு இங்க இருக்கக் கூடாது. நான் கூட்டிட்டுப் போறேன்." செல்லம்மாவின் விசும்பல் கேட்டது. சம்பந்தியம்மாள் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏன் அழுவுறீங்க? அம்மா இருக்கிற எடந்தானே அம்மா வீடு? நீங்களும் துணியை எடுத்து வைங்க. அந்த நர்சம்மாவும் வரட்டும்."

கிணற்றை இறைக்க முத்தையாவை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் மணப்பாறைக்குப் போனோம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேரன் பேத்தி பிறக்கும் முன்னால் கை நனைக்கக் கூடாது என்று செல்லம்மா ஒற்றைக் காலில் நின்றாள். கொல்லையில் மூன்று கல்லை வைத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். ஒன்பது நாள். சமையலறை முறுக்கு வாசனை அங்கே வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எனக்கு மூக்கும் திறந்துவிட்டது, அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஒரு டின்னைத் தனியாளாகக் காலி செய்தேன். பத்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். குழந்தையைக் குளிப்பாட்டி சம்பந்தி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், செல்லம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

நான் கப்பலுக்குத் திரும்புகிற சமயத்திலும் கிணறு சரியாகவில்லை. முத்தையா தினமும் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டியை விட்டுவிட்டார். இப்போது ஒவ்வொரு வாளியையும் மோந்து பார்க்கிறார். ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வந்தவள் குடிக்காமலே கிளம்பினேன்.

நாகப்பட்டினம் போகிற ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருச்சி தாண்டியதும் வயலும் வாழையுமாகப் பச்சைப் பசேல் என்று வந்தது. இரண்டு ஸ்டேஷன் போயிருப்போம். அப்போதுதான் கவனித்தேன். தண்டவாளத்தை ஒட்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும், சிவப்புத் துணி கட்டிய சின்னச் சின்னக் குச்சிகள் வரிசையாக நின்றன. எங்கள் கொட்டகைக்குப் பின்னால் நட்டிருந்த அதே குச்சிகள். கிழக்கே, தஞ்சாவூரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன.

எல்லா வரிசையையும் சரிபார்க்கச் சொல்லி மேலே எழுதியிருப்பதாக ராவ் சொல்லியிருந்தார். பதில் வந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏதோ சிக்னலுக்காக ரயில் நின்றது. பத்தடி தூரத்தில் ஒரு குடிசை, ஒரு மாடு, ஒரு கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணிக் குச்சி. மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, சாணம் கரைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் குச்சியடியில் கவிழ்த்தாள். தரையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரயில் ஊதிக்கொண்டு நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "ஊத்தாதீங்கம்மா! அதுல ஊத்தாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் சிரித்தாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டச் சொன்னாள்.